சுண்ணாம்பு தடவாத கலயம்

பெங்களூரில் 'ப்ரூவரி டூர்' என்று ஒன்று நடக்கிறது. நம் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளைகளைச் சனிக்கிழமை சாயங்காலம் தேடினால் அங்கேதான் கிடைப்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் எவர்சில்வர் தொட்டிகள் பளபளவென்று நிற்கும். ஏப்ரன் கட்டிய பையன் ஒருவன் வறுத்த பார்லியைக் கையில் கொட்டி மென்று பார்க்கச் சொல்வான். "காபி வாசனை வருதா சார்?" வரும். ஹாப்ஸ் என்ற காய்ந்த பச்சைப் பூவை உள்ளங்கையில் கசக்கி முகரச் சொல்வான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று என்ன செய்கிறது, கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு பாடம் நடத்துவான். பிறகு குழி வைத்த மரப்பலகை வரும். அதில் ஐந்தாறு சின்ன கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய். அதற்குப் பெயர் குடி இல்லை, 'டேஸ்டிங்'.

அந்தப் பையன் திரும்பத் திரும்பச் சொல்கிற பெருமைகளைக் கவனித்துக் கேட்க வேண்டும். இயற்கையாக நொதித்தது. வடிகட்டாதது. கெட்டுப்போகாமலிருக்க மருந்து எதுவும் கலக்காதது. இந்த இடத்திலேயே தயாரானது. பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக அனுப்பாதது. இத்தனை லட்சணத்துக்கும் சேர்த்து பில் போடுகிறார்கள். பிள்ளைகளும் பயபக்தியோடு கட்டிவிட்டு வருகிறார்கள்.

2009-ல் புனேயில் டூலாலி என்ற கடையோடு தொடங்கிய இந்த நாகரிகம் பெங்களூர், குருகிராம், ஹைதராபாத் என்று பரவி புதுச்சேரி வரைக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் அதற்கு வழியில்லை. அதனால் நாம் மட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டூர் நடத்துவதற்கு வேண்டிய அத்தனையும் எங்கள் ஊர் பள்ளிப்பட்டில் இருக்கிறது. நானே கைடு. கட்டணம் கிடையாது. கெட்டியான செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். கரும்புக் காட்டு வரப்பெல்லாம் கண்ணாடிச் சில்லு.

ஏரிக்கரையிலிருந்து ஆரம்பிப்போம். வரிசையாக நிற்கிறதே பனை, அது நம் மாநில மரம். 2021-ல் முதன்முதலாக வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்டபோது 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் தருவதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டரின் அனுமதி கட்டாயம் என்றார்கள். கருப்பட்டியை ரேஷன் கடையில் விற்கப் போவதாகச் சொன்னார்கள். கேட்கவே நெஞ்சு குளிர்ந்தது. மரத்துக்கு இவ்வளவு மரியாதை. மரத்தில் ஏறுகிறவனுக்கு?

பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிற ஆளை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். கலயத்தின் உட்புறத்தில் விரலால் சுண்ணாம்பு தடவுவார். நாலு விரல் தடவல், அவ்வளவுதான். அப்படித் தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். அதற்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு, வாரியம் உண்டு. அமைச்சர்கள் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதே மரம், அதே பாளை, அதே ஆள், அதே கலயம். சுண்ணாம்பை மட்டும் தடவாமல் விட்டால் இறங்குவது கள். 1987 ஜனவரி 1 முதல் அது தமிழ்நாட்டில் குற்றம். ஆள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இந்த ராஜ்ஜியத்தில் உத்தமனுக்கும் குற்றவாளிக்கும் நடுவே இருப்பது விரல்நுனிச் சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்பு செய்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். டூர் என்றால் விஞ்ஞானம் வேண்டுமல்லவா. சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலையெடுக்காது. சுண்ணாம்பு இல்லையென்றால் காற்றிலும் பாளையிலும் ஏற்கெனவே இருக்கிற ஈஸ்ட், சாறு சொட்ட ஆரம்பித்ததும் வேலையைத் தொடங்கிவிடும். தொட்டி வேண்டாம், கொதிகலன் வேண்டாம், ஜெர்மனியிலிருந்து இறக்குமதி வேண்டாம். சில மணி நேரத்தில் நாலைந்து சதவீதம் போதை ஏறிவிடும். மறுநாள் வரை வைத்தால் புளித்துக் காடிதான். ஆகவே அன்றைக்கே, அந்த ஊரிலேயே குடித்தாக வேண்டும். இயற்கையாக நொதித்தது, வடிகட்டாதது, மருந்து கலக்காதது, பாட்டிலில் அடைபடாதது. ஏப்ரன் பையன் அடுக்கிய அத்தனை லட்சணமும் பொருந்துகிறதா? அங்கே அதற்கு பில், இங்கே அதற்கு எஃப்.ஐ.ஆர்.

கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "ஏன் தாத்தா, இப்பல்லாம் ஏர்றதில்லையா?"

"ஏறிட்டு எறங்கறதுக்குள்ள கீழ ஜீப்பு வந்து நிக்குது நைனா. மேலயே குந்திக்கினு இருக்க முடியுமா?"

கோவாவில் முந்திரிப் பழத்தில் காய்ச்சுகிற ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். 2016-ல் மாநிலத்தின் பாரம்பரிய பானம் என்று அறிவித்தார்கள். மத்தியப் பிரதேசம் பழங்குடிகளின் இலுப்பைப்பூ மதுவை 'பாரம்பரிய மது' என்று உரிமம் கொடுத்து விற்க வைத்திருக்கிறது. கேரளத்துக் கள்ளுக்கடையில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு நம்மூர் ஆட்கள் வீடியோ போடுகிறார்கள். பாரம்பரியம் என்று மேடைக்கு மேடை தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்துகிற மாநிலத்தில் மட்டும் அந்தக் கலயம் திருட்டுச் சாமான்.

இப்போது சட்டப்படியான சரக்கு எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடலாம். அதற்கும் மூலப்பொருள் நம் மண்ணிலேயே விளைகிறது. இந்தப் பக்கத்துக் கரும்பு லாரியில் ஏறி ஆலைக்குப் போகிறது. சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுகிற கருப்புக் குழம்பு மொலாசஸ். அதை நொதிக்க வைத்து, காய்ச்சி, மணமும் நிறமும் சுத்தமாகப் போகிற வரைக்கும் வடித்தெடுத்தால் ஸ்பிரிட். அதில் தண்ணீரை ஊற்றி 42.8 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, கருக்கிய சர்க்கரையில் நிறம் ஏற்றி, எசன்ஸ் விட்டால் பிராந்தி. எசன்ஸை மாற்றினால் விஸ்கி. இன்னொன்று விட்டால் ரம். திராட்சையைக் கண்ணால் பார்க்காத பிராந்தியும், பீப்பாயில் ஒரு ராத்திரிகூடப் படுக்காத விஸ்கியும் ஒரே குழாயில் பிறந்த இரட்டையர்கள். லேபிளில் மட்டும் கோட்டை, குதிரை, கிரீடம். இந்த ஆலைகளுக்கு டூர் கிடையாது. எந்த ஆலை எந்தக் கட்சிக்காரருக்கு வேண்டியது என்று இரண்டு கழகங்களும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துக்கொண்ட போதுதான் ஜனங்களுக்கே ஓரளவு தெரிய வந்தது.

கணக்கு ஒன்று. சாதாரண குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான போதைச் சரக்கு 77 மில்லி. அதே அளவு கள்ளில் ஏற வேண்டுமென்றால் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். வயிறு முதலில் கைவிட்டுவிடும். குவார்ட்டரை நம் ஆள் நின்றபடியே இரண்டு மடக்கில் முடிக்கிறான். இந்த இரண்டில் எது உடம்புக்கு ஆபத்து என்று நம் அரசு நிபுணர்கள் யோசித்து, கள்ளைத் தடை செய்தார்கள்.

தேதிகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன், உரை எதுவும் வேண்டாம். 1983-ல் மதுவை மொத்தமாக வாங்கி விற்க டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1-ல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. 2003 நவம்பர் 29-ல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தன. அந்த 2003-04-ல் அரசுக்கு வந்தது 3,639 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. தொடங்கியவர் எம்.ஜி.ஆர்., வளர்த்தவர் ஜெயலலிதா, கண்ணும் கருத்துமாகக் காத்தவர்கள் கருணாநிதியும் அவர் மகனும். கச்சத்தீவிலும் காவிரியிலும் ஒன்றுசேர முடியாத இரண்டு கட்சிகளும் ஒற்றுமையாக வளர்த்தெடுத்த ஒரே பிள்ளை இதுதான்.

சரி, டேஸ்டிங்குக்கு வருவோம்.

டேஸ்டிங் நடக்கிற இடம் டாஸ்மாக் கடையின் கம்பி ஜன்னல். நம்மூர் என்றில்லை, எந்த ஊரிலும் அதே ஜன்னல்தான். கோழிக்கூண்டுக்குப் போடுகிற மாதிரி இரும்புக் கிராதி, கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. மடித்த நோட்டோடு ஒரு கை உள்ளே போகும். பாட்டிலோடு வெளியே வரும். பார்லியை மென்று பார்க்கச் சொல்ல அங்கே யாருமில்லை. "என்ன இருக்கு?" என்று கேட்டால் பின்னால் நிற்பவன் திட்டுவான். இருப்பதைத்தான் தருவார்கள். பீர் என்றால் கூலிங் இருக்காது. சந்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஊழியர் பட்டதாரி. 2025-ல் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி கடை ஊழியர்கள் 23,629 பேர். இத்தனை ஆயிரம் கோடி விற்றுக் கொடுக்கிற அவர்களுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தொகுப்பூதியம்தான்.

பாட்டில் விலைக்கு மேல் பத்து ரூபாய். அது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எந்தக் கடையிலும் உண்டு என்று ஊரே சொல்கிறது. வாங்கியதற்காக ஊழியர்களைச் சஸ்பெண்ட் செய்ததாக டாஸ்மாக்கே அவ்வப்போது சொல்லிக்கொள்கிறது. அந்தப் பத்து ரூபாய் கடைக்காரரின் பாக்கெட்டோடு நிற்கிறதா, மேலே ஏறுகிறதா என்பது பெரிய கேள்வி. 2025 மார்ச்சில் அமலாக்கத்துறை டாஸ்மாக் தலைமையகத்தில் புகுந்து தேடியது. ஆயிரம் கோடி முறைகேடு என்றது. மாநில உரிமை போச்சு என்று அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது. எல்லா எல்லையையும் மீறுகிறீர்கள் என்று மே மாதம் அமலாக்கத்துறையைக் கோர்ட் அதட்டி, விசாரணைக்குத் தடை போட்டது. டில்லிக்காரனுக்கு நம் சாராயக் கடையில் என்ன வேலை என்பது நியாயமான கேள்வியாகவே இருக்கட்டும். மாநில உரிமைக்கு நெஞ்சு நிமிர்த்தியவர்கள், அந்தப் பத்து ரூபாய் விஷயத்தில் குடிமகன் உரிமைக்கும் ஒரு நாள் நிமிர்ந்திருக்கலாம்.

மரப்பலகை, சின்ன கிளாஸ் எல்லாம் இங்கேயும் உண்டு, வேறு உருவத்தில். பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று, தண்ணிப் பாக்கெட் ஒன்று, ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று. பாரில் உட்கார்ந்தால் அவித்த முட்டை. வெளியே வந்தால் வரப்பு. குடித்த பாட்டிலைக் கல்லில் அடித்து உடைப்பதில் ஒரு சுகம் இருக்கும்போல. மறுநாள் காலையில் கரும்பு வெட்ட வருகிற பொம்பளைகளின் பாதத்துக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். 2023-ல் மதுவிலக்குத் துறை அமைச்சர் சு. முத்துசாமி, உழைக்கிறவன் காலையில் குடிப்பதை வைத்து அவனைக் குடிகாரன் என்று இழிவுபடுத்தக் கூடாது என்று பரிந்து பேசினார். 90 மில்லி அட்டைப் பெட்டியில் தரலாமா என்று யோசனையும் சொன்னார். எவ்வளவு கரிசனம். அந்த உழைப்பாளிக்கு விடிகாலைக் கள் ஒரு மொந்தை தரலாமா என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மொந்தையில் கலால் வரியை எங்கே ஒட்டுவது?

ஆமாம், அப்போது அவர் மதுவிலக்குத் துறை அமைச்சர்தான். பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கிறது: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2025 கணக்குப்படி 4,700க்கும் மேற்பட்ட கடைகளை நடத்துகிற அரசு, 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடத்துகிறது. அந்தச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பனையேறியைப் பிடிப்பதற்கு.

அடுத்தது எல்லை. இது பள்ளிப்பட்டின் தனிச் சிறப்பு, பெங்களூர் டூரில் கிடைக்காது. கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலத்தை வெள்ளம் மூழ்கடிக்காத நாளாக வந்தால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரம். அந்தப்பக்கம் நகரி. நம் வீடுகளில் பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் கலந்துதான் புழக்கம். அப்பாவை நைனா என்கிறோம். நாங்கள் ஆந்திரத்துக்காரர்களாகவே இருந்தோம். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் அந்தப்பக்கம் போய்விட, ம.பொ.சி. போராடி, படாஸ்கர் சமரசம் பேசி, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப்பக்கம் வந்து சேர்ந்தோம். நன்றி மறக்கவில்லை. ஆனால் ம.பொ.சி. பிறந்தது கிராமணி குடும்பத்தில். கள் இறக்குவது அந்தச் சமூகத்தின் பரம்பரைத் தொழில். காந்தியவாதியாக மதுவிலக்கை ஆதரித்தவர் அவர். அவர் மீட்டுக் கொடுத்த மண்ணில் பனையேறிக்கு மட்டும் பிழைப்பில்லை. அவர் தோற்றிருந்தால் இதே ஏரிக்கரையில் இதே பெரியவர் உரிமம் வாங்கிக்கொண்டு இதே மரத்தில் ஏறியிருப்பார். அந்தப்பக்கம் ஈச்சங்கள்ளும் பனங்கள்ளும் சட்டப்படி இறங்குகின்றன. இறக்குகிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. 2024 அக்டோபரில் மதுக்கடைகளைத் தனியாருக்குத் திரும்பக் கொடுத்தபோது பத்தில் ஒரு பங்கு கடைகள் கள் இறக்கும் சாதிகளுக்கு என்று ஒதுக்கப் போவதாகச் சொன்னார்கள்.

ஆந்திரம் ஒன்றும் தர்ம ராஜ்ஜியம் இல்லை. 2019-லிருந்து ஐந்து வருஷம் அரசே கடை நடத்தி, யாரும் கேள்விப்படாத பெயர்களில் பாட்டிலை ஜனங்கள் தலையில் கட்டினார்கள். அந்தக் கணக்கு பிறகு போலீஸ் விசாரணையில் நாறியது. வந்த புது அரசு 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் என்பதைச் சாதனையாக விற்றது. அவர்களும் நம் சொந்தக்காரர்கள்தானே.

எல்லையின் மகிமை 2020-ல் தெரிந்தது. கொரோனா ஊரடங்கில் மே 4 அன்று ஆந்திரா கடையைத் திறந்தது. இங்கே மூடிக் கிடந்தது. அன்றைக்கே நம் அரசும் மூன்று நாளில் திறக்கப்போவதாக அறிவித்தது. அறிவிப்பில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பக்கத்து மாநிலங்களில் திறந்துவிட்டதால் எல்லையோர ஜனங்கள் அங்கே போகிறார்களாம், தடுக்கச் சிரமமாக இருக்கிறதாம். அதாவது நாங்கள். எல்லையோரக் குடிகாரர்கள். எங்கள் ஊர்த் தரைப்பாலத்துக்காகவோ, நல்ல ஆஸ்பத்திரி இல்லை என்பதற்காகவோ எந்த அரசும் இத்தனை வேகத்தில் எங்களை நினைத்ததில்லை. நாங்கள் வரி கட்டாமல் அடுத்த மாநிலத்தில் குடிக்கிறோம் என்றதும் நினைவு வந்துவிட்டது. மே 7-ல் சென்னை தவிர மற்ற இடங்களில் கடை திறந்தது. ஒரே நாளில் சுமார் 170 கோடிக்கு விற்றது. பள்ளிக்கூடம் பூட்டு, கோயில் பூட்டு, திருத்தணி முருகன் படி 365-லும் ஒரு காலடி இல்லை. கம்பி ஜன்னலில் மட்டும் குடை பிடித்த வரிசை. மறுநாள் ஐகோர்ட் மூடச் சொன்னது. ஒரே வாரத்தில் சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கி வந்தார்கள். ஆக்சிஜனுக்கு இந்த ஓட்டம் ஓடினார்களா?

குடிக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்கத் துடிக்கிறவர்களுக்கு: போய் பொதட்டூர்பேட்டையிலோ ஆர்.கே. பேட்டையிலோ விசைத்தறி ஓட்டுகிற ஒரு பெண்ணைக் கேளுங்கள். வாரக் கூலி வீட்டுக்கு வருகிற வழியில் எங்கே இறங்கிக்கொள்கிறது என்று அவள் சொல்வாள். 2016 டிசம்பரில் நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்றச் சொல்லி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அரசு என்ன செய்தது? கடைகளைத் தூக்கி ஊருக்குள் வைத்தது. ஊர் ஊராகப் பெண்கள் விளக்குமாற்றோடு தெருவுக்கு வந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் பக்கத்துச் சாமளாபுரத்தில் அப்படி வந்து நின்ற ஒரு பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி ஓங்கி அறைந்தார். நாடே வீடியோவில் பார்த்தது. அதற்கு முன் 2015-ல் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் டவரில் ஏறி நின்று மதுக்கடையை மூடச் சொல்லிப் போராடியே செத்தார். அதே வருஷம் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன் மேல் தேசத்துரோக வழக்கு. பாடினால் துரோகி, அழுதால் அறை, மரம் ஏறினால் கைது. ஜன்னலில் கை நீட்டினால் மட்டும் வாடிக்கையாளர்.

2016 தேர்தலில் இரண்டு கட்சியும் மதுவிலக்குத் தருவதாகச் சொன்னதை யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? தி.மு.க. சட்டமே கொண்டுவருவோம் என்றது. ஜெயலலிதா படிப்படியாக என்றார். ஜெயித்து முதல் கையெழுத்தில் 500 கடை மூடினார். மறு வருஷம் பழனிசாமி 500. 2023-ல் ஸ்டாலின் அரசு 500. மூன்று ஐந்நூறு மூடிய பிறகும் வருமானம் மட்டும் ஒரு படிகூட இறங்கவில்லை. படிப்படியாக என்றால் மேலேறுகிற படி என்று நமக்குத்தான் புரியவில்லை.

கள்ளுக்கு ஏன் அனுமதியில்லை என்று கேட்டால் கோட்டையிலிருந்து ஒரே பதில்தான் வருகிறது: கலப்படம். குளோரல் ஹைட்ரேட் கலப்பார்கள், கண்காணிக்க முடியாது. கலப்பவர்கள் உண்டு, தெலங்கானாவில் கள்ளில் தூக்கமருந்து கலந்து ஆட்கள் செத்ததைப் பேப்பரில் படித்தோம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்கிற தகுதி யாருக்கு? 2023 மே மாதம் மரக்காணத்திலும் மதுராந்தகம் பக்கத்திலும் மெத்தனால் குடித்து 22 பேர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேல். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரம். பொட்டலச் சாராயம் அங்கே வருஷக்கணக்காக ஓடியது. குவார்ட்டர் 140 ரூபாய்க்கு ஏறியபோது அதற்குக் கீழே இருப்பவன் எதைக் குடிப்பான் என்று நிதித்துறை யோசிக்கவில்லை; மெத்தனால் வியாபாரி யோசித்து வைத்திருந்தான். பிணம் ஒன்றுக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை ஏற்றினார்கள். பனை ஓரத்தில் நாலு கள்ளுக்கடை இருந்திருந்தால் அந்த அறுபதில் எத்தனை பேர் இன்றைக்கு மறுபடியும் சண்டை போட்டுக்கொண்டாவது வீட்டில் இருந்திருப்பார்கள் என்று மட்டும் யாரும் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை.

கண்காணிக்க முடியாதாம். ஒவ்வொரு பாட்டிலையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற ரெயில்டெல்லுக்கு ஒப்பந்தம் கொடுத்த அரசு இது. மாலுக்குள் 'எலைட்' கடை வைத்த அரசு. 2023-ல் கோயம்பேட்டில் பணம் போட்டால் பாட்டில் தள்ளுகிற இயந்திரம் வைத்த அரசு. கல்யாண மண்டபத்தில் விருந்துக்கு மது ஊற்ற அரசாணையே போட்டு, ஊர் சிரித்த பிறகு மண்டபத்தை மட்டும் வாபஸ் வாங்கிய அரசு. வெள்ளைக்காரன் 1886-ல் அப்காரி சட்டம் போட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, மரவரி வாங்கினான். அவனிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு தாசில்தாரும் ஒரு டப்பா சாயமும் இருந்தது. இன்றைக்கு ஏரிக்கரையில் பத்து மரத்துக்கு எண் போட்டு, இறங்கியதைச் சோதித்து, மரத்தடியிலேயே விற்கச் சொல்ல இந்த மகா நிர்வாகத்தால் முடியாது. முடியாது என்றால் முடியாதுதான். கலயம் நிறைந்தால் குவார்ட்டர் குறையும்.

டூருக்கு வருகிறவர்கள் தேதி பார்த்து வாருங்கள். வருஷத்தில் எட்டு நாள் ஜன்னல் சாத்தியிருக்கும். குடியரசு தினம், சுதந்திர தினம், மே தினம், மகாவீரர், நபிகள், வள்ளலார், திருவள்ளுவர், காந்தி. கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியவருக்கு ஒரு நாள் மூடி மரியாதை செய்கிறோம். அந்த நாட்களில் வந்து ஏமாறாதீர்கள், முந்தின நாள் சாயங்காலம் வாருங்கள். நாளைக்கும் சேர்த்து வாங்குகிற கூட்டத்தைப் பார்க்கலாம். அதிலும் சிறந்தது காந்தி ஜெயந்திக்கு முந்தின சாயங்காலம், அக்டோபர் 1. 1937-ல் இதே அக்டோபர் 1 அன்றுதான் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஒன்பதரைக்குள் வந்துவிடுங்கள், பத்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். பத்து ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள்.